சக்கரம் தரையைத் தொட்டதும் ஏன் எழுந்து நிற்கிறோம்?

போன மாதம் சென்னையிலிருந்து நாக்பூர் திரும்பிக்கொண்டிருந்தேன். விமானத்தின் சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட அடுத்த நொடி 'டக் டக்' என்று பெல்ட்டுகள் கழன்றன. வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதிப் பேர் எழுந்து மேலே இருக்கும் பெட்டியை இழுக்கிறார்கள். பணிப்பெண் ஒலிபெருக்கியில் "தயவுசெய்து உட்காருங்கள்" என்று கெஞ்சுகிறார். யார் கேட்டது?

எனக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர், மடியில் லேப்டாப், காதில் ஒயர் இல்லாத ஹெட்போன். என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்து, "பஸ் ஸ்டாண்ட் கூட்டம் சார். டிக்கெட் விலையைக் குறைச்சதுதான் தப்பு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். ஏன் ஆட்டவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தத் தம்பி சொன்னது சரியா என்று வீட்டுக்கு வந்தபிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டிக்கெட் விலை அதிகமாக இருந்த காலத்தில், கனவான்கள் மட்டும் பறந்த காலத்தில், எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்களா? கணக்குப் படித்தவன் புத்தி, பழைய பேரேட்டைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒரு குட்டி விமானத்தில் தபால் மூட்டையோடு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக சென்னைக்கு ஓட்டிப்போனார். நம் நாட்டு விமான சர்வீஸின் பிள்ளையார் சுழி அது. நாக்பூருக்குப் பெருமை வந்தது 1949-இல். இரவு அஞ்சல் விமானத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் ராத்திரி விமானங்கள் கிளம்பி, நடுநிசிக்கு மேல் நாக்பூரில் சந்திக்கும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். பைகளோடு பயணிகளும் உண்டு. சோனேகாவ் விமான நிலையத்தில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, வேறு விமானம் மாறிப் போவார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து இப்போதும் அங்கே இறங்கும் விமானங்கள் தெரியும்.

அந்தக் காலத்தில் பறந்தவர்கள் யார்? பெரிய அதிகாரிகள், ஆலை முதலாளிகள், மந்திரிகள். 1953-இல் விமான கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியபிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. எங்கள் ஊரில் யாராவது 'பிளேன்ல வந்தேன்' என்றால் தெருவே பார்க்கும்.

சரி, இந்தப் பெரிய மனிதர்கள் விமானத்துக்குள் என்ன செய்தார்கள்? ஊதினார்கள் :-) இந்தியாவில் மட்டுமல்ல, உலகம் முழுக்க. சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனி வரிசை என்று பின்னால் ஒதுக்கியிருப்பார்கள். மூடிய ஒரு குழாய்க்குள் புகைக்கு ஏது வரிசை? கைக்குழந்தைக்காரி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் புகை வரத்தான் செய்யும். அதைக் கேட்பது நாகரிகக் குறைவு, ஊதுவது நாகரிகம். அதுதான் அன்றைய இங்கிதம்.

1973 ஜூலை 11 அன்று பிரேசில் நாட்டின் வாரிக் விமானம் ஒன்று பாரீஸ் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கும்போது பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. வயலில் இறக்கினார்கள். ஆனாலும் 123 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சு முட்டி. யாரோ அணைக்காத சிகரெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன்பிறகுதான் கழிப்பறையில் புகைக்கக் கூடாது என்ற பலகையும், சாம்பல் கிண்ணமும் கட்டாயமாயின. அடுத்த முறை போகும்போது விமானக் கழிப்பறைக் கதவைப் பாருங்கள். புகைக்கத் தடை என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே சாம்பல் கிண்ணமும் இருக்கும். சட்டத்தை மீறி எவனாவது பற்றவைத்தால், அதை எறிய ஒரு பத்திரமான இடம் வேண்டுமே என்றுதான். மனிதர்களைப் பற்றி இவ்வளவு யதார்த்தமாக யோசித்த வேறு ஒரு விதியை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கா 1988-இல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த உள்நாட்டுப் பயணங்களில் புகையைத் தடுத்தது. 1990-இல் பெரும்பாலான உள்நாட்டு விமானங்களுக்கும் அதை நீட்டியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1992-இல் தீர்மானம் போட்டு, 1996 ஜூலைக்குள் சர்வதேச விமானங்களில் புகையை ஒழிக்கச் சொன்னது. ஆக, கனவான்களைத் திருத்தியது அவர்கள் நாகரிகம் அல்ல. சட்டம்.

இன்னொரு தகவல். 1930-இல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற நர்ஸ் உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் ஆனார். பயணிகளின் பயத்தைத் தெளிவிக்க நர்ஸ்களை வைக்கலாம் என்பது அவர் கொடுத்த யோசனை. அந்த முதல் பணிப்பெண்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, கழிப்பறைக்குப் போகிறவர் தவறுதலாக வெளிக்கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது! எல்லாரும் பணக்காரர்கள், எல்லாரும் புதுசு. புதுசாக ஏறுகிறவனுக்கு எது கதவு என்று தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

நிற்க. நம் கதைக்கு வருவோம்.

2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் ஆரம்பித்தார். (சூரரைப் போற்று படம் 2020-இல் வந்ததே, அவர் வாழ்க்கைக் கதையைத் தழுவியதுதான்.) ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று விளம்பரம் வந்தபோது என் அலுவலகமே கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுப் பேசியது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். 2007-இல் உள்நாட்டு விமானங்களில் போனவர்கள் 4 கோடிக்கு மேல். 2024-இல் 16 கோடிக்கு மேல். ஊரில் தெருவே பார்த்த அதிசயம் போய், தெருவே ஏறிப் போகும் காலம் வந்துவிட்டது.

என் முதல் விமானப் பயணம் 2006-இல். அந்தக் காலத்தில் சில குறைந்த கட்டண விமானங்களில் இருக்கை எண்ணே கிடையாது, முந்தினவருக்கு இடம். கட்டிடக் கதவைத் திறந்ததும் நாங்கள் ஓடினோம் பாருங்கள்! டை கட்டின நானும் ஓடினேன். கையில் துண்டு இருந்திருந்தால் ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன், ஜன்னல்தான் திறக்காது :-) அதே நான், இருக்கை எண் அச்சடித்த போர்டிங் பாஸ் வந்தபிறகு ஓடவில்லை. என் குணம் மாறிவிட்டதா? இல்லை. ஏற்பாடு மாறியது.

இதை நான் வங்கியில் தினமும் பார்த்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் கேஷ் கவுண்டர் முன்னால் எப்போதும் ஒரு குவியல். கூண்டுக் கம்பிக்குள் பத்துக் கை நீளும். "நம்ம ஜனங்களுக்கு வரிசையில நிக்கத் தெரியாது சார்" என்று சீனியர் காசாளர் சலித்துக்கொள்வார். பிறகு எண் காட்டும் டோக்கன் மிஷின் வந்தது, கூடவே நாலு பெஞ்சு. அதே ஜனங்கள், அதே காசாளர். ஆனால் எல்லாரும் உட்கார்ந்து சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். முண்டினால்தான் கிடைக்கும் என்று இருக்கும்வரை மனிதன் முண்டுவான். தன் முறை நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் உட்காருவான்.

1969-இல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கி, கிராமத்து ஜனங்கள் முதல்முறையாக உள்ளே வந்தபோதும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள் என்று எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் சொல்வார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவார்களாம், கோயில் மாதிரி. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டாம்.

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 ஏப்ரல் 27 அன்று சிறு ஊர்களுக்கான உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்று அன்று பிரதமர் பேசினார். அந்தச் செருப்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஆனால் அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், மார்ச் 23 அன்று, டெல்லி விமான நிலையத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விமானக் கம்பெனி ஊழியரைச் செருப்பால் அடித்தார். பிஸினஸ் கிளாஸ் டிக்கெட் வைத்திருந்தவருக்கு, அந்த விமானத்தில் அந்த வகுப்பே இல்லை என்று கோபம். அடித்ததை அவரே கேமரா முன்னால் சொல்லவும் செய்தார். இந்த இரண்டு செருப்புகளில் எது விமானத்துக்கு ஆகாதது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் முரட்டுப் பயணிகளுக்கான புது விதிகள் வந்தன. மூன்று படிகள். வாய்த்துடுக்குக்கு மூன்று மாதம் வரை தடை, கைநீட்டினால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது இரண்டு வருஷம். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, 30 நாளில் முடிவு. கேப்டனுக்கு முரட்டுப் பயணியைக் கட்டிப்போடவும் இறக்கிவிடவும் அதிகாரம் 1963 டோக்கியோ ஒப்பந்தத்திலேயே இருந்தது. இந்தியா அதற்கு 1975-இல் சட்டம் இயற்றியது. ஆனாலும் 2022 நவம்பரில், நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த விமானத்தில், வயதான ஒரு அம்மா மேல் குடிபோதையில் ஒருவர் சிறுநீர் கழித்ததாகப் புகார் வந்ததே, அது எந்த வகுப்பில்? பிஸினஸ் கிளாஸில். ஹவாய் செருப்பு அங்கே இல்லை.

அதனால் விமானத்தில் நம்மை எரிச்சல்படுத்துவதை எல்லாம் ஒரே தலைப்பில் எழுதுவது தப்புக் கணக்கு. நான் மூன்று தலைப்பாகப் பிரிப்பேன்.

முதலாவது, தெரியாமை. எழுந்து நிற்பது, பெல்ட் போடத் தெரியாமல் முழிப்பது, பணிப்பெண்ணை அழைக்கும் மணியை விளக்கு சுவிட்ச் என்று அழுத்துவது. இதற்கு மருந்து, ஒருமுறை சொல்லிக்கொடுப்பது. சிரிப்பது அல்ல.

இரண்டாவது, இடமின்மை. முன் சீட்டுக்காரர் சாய்கிறார், பின் சீட்டுக்காரர் முட்டியால் இடிக்கிறார். 1970-களில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 34, 35 அங்குலம் இருந்தது. இப்போது 30 அங்குலமே பெரிசு, சிலவற்றில் 28. இரண்டு வகுப்புகளோடு 150 பேர் போகக்கூடிய ஏர்பஸ் ஏ320-இல் 180, 186 பேரை உட்கார வைக்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து டென்வர் போன விமானம், முன் சீட் சாயாமல் ஒருவர் பிளாஸ்டிக் பூட்டு மாட்டியதால் வந்த சண்டையில் சிகாகோவில் இறக்கப்பட்டது. சாய்பவருக்கும் அந்த நாலு அங்குலம் விற்கப்பட்டிருக்கிறது, பின்னால் இருப்பவருக்கும் அதே நாலு அங்குலம் விற்கப்பட்டிருக்கிறது. ஒரே வீட்டுப் பத்திரத்தை இரண்டு வங்கியில் அடமானம் வைத்த மாதிரி! வாங்கின இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், விற்றவர் மேலே இல்லை. ஆகவே சாய்வதற்கு முன் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்திவிடுங்கள். நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

மூன்றாவது, திமிர். குடித்துவிட்டு ரகளை, பணிப்பெண்ணைத் தொடுவது, 'நான் யார் தெரியுமா'. இதற்குத் தள்ளுபடியே கூடாது.

முதல் தலைப்பை லேசாக விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தெரியாமை சில சமயம் உயிரை வாங்கும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். கேபினுக்குள் எடுத்த வீடியோவில் சிலர் மேலே இருக்கும் பைகளைத் தேடுகிறார்கள், பணியாளர்கள் விட்டுவிட்டு ஓடச் சொல்லிக் கத்துகிறார்கள். கடவுள் புண்ணியம், 300 பேரும் தப்பினார்கள். தீயணைக்க வந்த ஒருவர் உயிரிழந்தார். ஒரு விமானத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பாதிக் கதவுகள் வழியாக 90 நொடியில் எல்லாரும் வெளியேற முடியுமா என்றுதான் சோதிக்கிறார்கள். அந்த 90 நொடியில் என் பைக்கு இடமில்லை.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. சிறிய விமானத்தில் இருந்த ஐவர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் கைப்பையை விட்டுவிட்டு இறங்கிப் பிழைத்தார்கள். 'உட்காருங்கள்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள்தான் 'பையை விடுங்கள்' என்ற சொல்லையும் கேட்பார்கள். எனவே இது வெறும் நாசூக்கு சமாச்சாரம் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும், நிச்சயமாக. எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

இப்போது என் சொந்தக் கதை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் அப்பா விருதுநகர்ப் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018-இல் முதல்முறையாக அவரை விமானத்தில் நாக்பூருக்கு அழைத்துவந்தேன். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு, கையில் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா. ஜன்னல் ஓரத்தில் குழந்தை மாதிரி உட்கார்ந்து வந்தார். சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று எழுந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, ஊரு வந்துருச்சு" என்றார். பணிப்பெண் தூரத்திலிருந்து கையைக் காட்டினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேட்டியைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கப்பா, மானம் போகுது" என்றேன்.

உட்கார்ந்தார். வீடு வரைக்கும் பேசவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "முப்பது வருஷம் 'அடுத்த ஸ்டாப்பு யாரு, எந்திரிச்சு வாசலுக்கு வாங்க'ன்னு கத்துனவன்டா நான். உக்காந்தே இருந்தவனைத்தான் திட்டிருக்கேன். இங்க உக்காந்து இருக்கணும்னு நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருந்தா இருந்திருப்பேன்ல."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? டவுன் பஸ்ஸில் முன்கூட்டியே எழாதவன் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவான். இரண்டு நிமிஷம் நிற்கும் ஸ்டேஷனில் பெட்டியோடு வாசலில் நிற்காதவன் அடுத்த ஊருக்குப் போவான். எழுந்து நிற்பது அங்கே ஒழுங்கீனம் இல்லை, மற்றவர் நேரத்தை வீணாக்காத மரியாதை. ஒரு வண்டியின் மரியாதையை இன்னொரு வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். கிளம்புமுன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான். சொல்லாதது என் தப்பு, திட்டு வாங்கியது அவர்.

அந்த முறை ஊருக்குத் திரும்பும்போது, கால் நீட்டிப் படுக்க வசதி என்று காரணம் சொல்லி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் போனார். அதன்பிறகும் ரயில்தான். காரணம் கால் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

நம்மில் பலர் வெளியூரில் இருக்கிறோம். அம்மா அப்பாவை முதல்முறையாக விமானம் ஏற்றுவது நாம்தான். டிக்கெட் போடுவதோடு நம் வேலை முடிவதில்லை. முதல் நாளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பெல்ட் எப்படி, கழிப்பறைக் கதவு எப்படி, எப்போது எழலாம், எது நடந்தாலும் பையை எடுக்கக் கூடாது என்று. பக்கத்து சீட்டில் யாரோ ஒருவரின் அப்பா முழித்தால் அவருக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பொங்கல் முடிந்து அப்பாவுக்கு மறுபடி விமான டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நேற்று போனில், "எப்படா எந்திரிக்கணும், அதை மட்டும் சரியாச் சொல்லு" என்றார்.

"வண்டி முழுசா நிக்கும்ப்பா. மேல பெல்ட் படம் போட்ட விளக்கு அணையும். 'டிங்'குன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் எந்திரிக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஓ, விசிலா? அப்பவே சொல்லிருக்கலாம்ல" என்றார்.